பேட்டரி கேள்வி பதில்: ஜோடியில் ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் இறங்குகிறது?

கேள்வி: என் வேப்பில் (பேட்டரியில் ஓடும் இ-சிகரெட்) 18650 என்ற உருளை லித்தியம் பேட்டரி இரண்டு போட வேண்டும். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. காலையில் இரண்டையும் முழுசாக சார்ஜ் ஏற்றிப் போட்டால், சாயங்காலம் ஒன்று 3.7 வோல்ட், இன்னொன்று 3.4 காட்டுகிறது. பேட்டரி பழுதா, மெஷின் பழுதா?
எஸ்.ஆர்., ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: 'காட்டுகிறது' என்கிறீர்களே, எது காட்டுகிறது? வேப்பின் திரை என்றால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஸ்பிரிங்கில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலே திரை ஒரு பேட்டரியைக் குறைத்துச் சொல்லும். இரண்டையும் கழற்றி ஒரு பத்து நிமிடம் சும்மா வையுங்கள், அப்புறம் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டரிலும் அதே 0.3 வந்தால் மேலே படியுங்கள்.

இரண்டு பேட்டரி போடும் வேப்களில் பெரும்பாலானவை சீரிஸ் இணைப்பு, அதாவது ஒன்றன் பின் ஒன்றாக. ஒன்றில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறதோ அவ்வளவேதான் மற்றதிலும் ஓடும், ஒன்று உழைக்க இன்னொன்று வேடிக்கை பார்க்க முடியாது. அப்படியும் ஒன்று முன்னாடியே இறங்குகிறது என்றால் அதன் கொள்ளளவு சுருங்கிவிட்டது, அல்லது காலையில் அது முழுசாக நிரம்பவே இல்லை, அல்லது மெஷின் அதிலிருந்து மட்டும் தனியாக எதையோ உறிஞ்சுகிறது. மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளில் சில, திரைக்கும் சிப்புக்கும் வேண்டிய மின்சாரத்தை இரண்டிலிருந்தும் எடுக்காமல் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். கேட்க அபத்தமாக இருக்கிறது, ஆனால் நிஜம்.

கண்டுபிடிக்கும் வழி ஒன்றும் பெரிய வித்தையில்லை. பேனாவால் ஒன்றில் 'அ', இன்னொன்றில் 'ஆ' என்று எழுதுங்கள். வேப்பின் யுஎஸ்பி ஓட்டையில் ஏற்றாமல் தனி சார்ஜரில் ஏற்றி, இரண்டும் 4.2-ஐத் தொட்டதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் 4.1-ல் நிற்கிறதா? சார்ஜரில் பள்ளம் மாற்றிப் போட்டு மறுபடி ஏற்றுங்கள், சார்ஜரே ஒரு பக்கம் சோம்பேறியாக இருக்கலாம். அப்புறம் முதல் நாள் 'அ' இடப்பக்கம், மறுநாள் 'அ' வலப்பக்கம். எந்தப் பக்கம் போட்டாலும் 'அ'தான் இறங்குகிறது என்றால் குற்றவாளி பேட்டரி. எதைப் போட்டாலும் இடப்பக்கம் இருப்பதே இறங்குகிறது என்றால் மெஷின். சந்தேகம் தீராவிட்டால் இரண்டையும் உள்ளே போட்டு, ஒரு இழுப்புகூட இழுக்காமல் இரண்டு நாள் மேஜையில் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். சும்மா கிடந்ததில் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் போர்டு குடித்திருக்கலாம், அல்லது அந்த பேட்டரி தானாகவே இறங்கியிருக்கலாம்.

பேட்டரிதான் என்று தெரிந்தால் அதை மட்டும் மாற்றி பழசோடு புதுசைச் சேர்க்காதீர்கள். நான் அந்தத் தப்பை ஒரு டார்ச்சில் செய்திருக்கிறேன். சீரிஸில் பழசு காலியான பிறகும் புதுசு விடாமல் தள்ளும், பழசைப் பூஜ்யத்துக்குக் கீழேகூட இழுத்துவிடும். கை வைக்க முடியாத சூட்டில் அந்த டார்ச்சைத் தூக்கி வாசலில் போட்டது இன்னும் மறக்கவில்லை. வாங்கும்போதே ஜோடியாக வாங்கி, ஜோடியாகவே ஏற்றி, ஜோடியாகவே இறக்க வேண்டும். வேப் பிடிப்பவர்கள் இதைப் பேட்டரிக்குக் கல்யாணம் பண்ணி வைப்பது என்றே சொல்கிறார்கள். ஒன்று போய்விட்டால் மற்றது இன்னொரு ஜோடிக்குள் நுழையக் கூடாது, ஒற்றை பேட்டரி டார்ச் எதற்காவது போகட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், எத்தனை வாட்ஸில் வைக்கிறீர்கள்? 80 என்றால் பேட்டரிக்கு 40. வோல்ட் 3.2-க்கு இறங்கும் நேரத்தில் 12.5 ஆம்ப், போர்டில் வீணாவதையும் சேர்த்தால் 14-ஐ நெருங்கும். 'நிறைய நேரம் வரும்' என்று 3500 மில்லியாம்ப்-ஹவர் (எம்ஏஹெச்) பேட்டரி வாங்கினீர்களென்றால், அந்த ரகம் பெரும்பாலும் 10 ஆம்புக்குத்தான் செய்யப்பட்டது. கொள்ளளவு கூடினால் இழுக்கும் திறன் குறையும், இரண்டும் ஒரே உருளையில் கிடைக்காது. சாம்சங் 25ஆர் ரகத்தின் கொள்ளளவு 2500-தான், ஆனால் 20 ஆம்ப் தாங்கும்.

கேள்வி: போன் வாங்கும்போது வந்த ஃபாஸ்ட் சார்ஜரில், இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் வேப்பில் விளக்கே எரிவதில்லை. பழைய தட்டை முனை கேபிளில் ஏறுகிறது. ஓட்டை கெட்டுவிட்டதா?
வாசகி, ஹாரோ

பதில்: ஓட்டை நன்றாக இருக்கிறது. தயாரித்தவர் இரண்டு ரெசிஸ்டரில் கஞ்சத்தனம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். டைப்-சி சார்ஜர் எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தெரிந்தால்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும், தெரியாவிட்டால் 'யாரும் இல்லை' என்று சும்மா இருக்கும். தட்டை முனையில் அந்த விசாரணை கிடையாது, 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். பழைய கேபிளையே 5 வோல்ட், 1 ஆம்ப் சார்ஜரில் போட்டுப் பயன்படுத்துங்கள். குளிர்காலத்தில் ராத்திரி முழுக்கக் காரில் கிடந்ததை எடுத்து வந்து உடனே செருக வேண்டாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும், அது திரும்பாது. அறைச் சூட்டுக்கு வரட்டும்.

கேள்வி: வேப் இல்லை, டார்ச் லைட். 9900 எம்ஏஹெச் என்று அச்சடித்த 18650 ஆன்லைனில் வாங்கினேன். ஒரு ஆம்ப் சார்ஜரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் பச்சை விளக்கு வந்துவிடுகிறது, ஆனால் வெளிச்சம் அரை மணிகூட நிற்பதில்லை.
கே.எம்., விழுப்புரம்

பதில்: வேப் விற்பனைக்கு இந்தியாவில் 2019-லேயே சட்டம் தடை போட்டுவிட்டதால் நம் ஊரிலிருந்து வரும் 18650 கேள்வியெல்லாம் டார்ச்சும் பவர்பேங்க்கும்தான். பேட்டரி அதேதான், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உருளைக்குள் நம்பி வாங்கக்கூடிய கம்பெனிகள் அடைப்பது 3500 வாக்கில். 9900 என்பது அச்சகத்தில் தயாரானது. கணக்கை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஒரு ஆம்ப், ஒரு மணி நேரம், ஆக உள்ளே போனது மிஞ்சினால் 1000. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல 18650 ஒன்று 45 கிராமை ஒட்டி இருக்கும். உங்களுடையது 30-ஐத் தாண்டாது என்பது என் பந்தயம்.

கேள்வி: டிராயரில் ஒரு வருஷம் மறந்து கிடந்த பேட்டரி 1.9 வோல்ட் காட்டுகிறது, சார்ஜர் ஏற்க மறுக்கிறது. நல்ல பேட்டரியோடு ஒயர் வைத்து ஒட்டி 'எழுப்பி' விடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
பி.டி., லெஸ்டர்

பதில்: வேண்டாம். சார்ஜர் காரணத்தோடுதான் மறுக்கிறது. இவ்வளவு கீழே இறங்கி நெடுநாள் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். நண்பர் எழுப்பியதும் முதல் வாரம் நன்றாகவே ஓடும், அதுதான் வம்பு. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் பேட்டரிப் பெட்டியில் போடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லாரி பற்றும்.

கேள்வி: பேட்டரியின் மேல் பிளாஸ்டிக் உறை ஓரத்தில் கிழிந்திருக்கிறது. செலோடேப் ஒட்டலாமா?
அதே பி.டி.

பதில்: கூடாது. மேல்முனைப் பொத்தானைத் தவிர வெளி உடம்பு முழுக்க நெகட்டிவ், கிழிசல் பாசிட்டிவ் ஓரத்தில் என்றால் ஒரு சாவிக்கொத்து பட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும். வேப் கடையில் 18650 அளவுக்கே சூடு காட்டினால் சுருங்கும் உறை கிடைக்கும், பழையதை உரித்து, பாசிட்டிவ் முனையில் உள்ள வட்டக் காகிதத்தை மறக்காமல் திரும்ப வைத்து, புதுசை மாட்டி ஹேர் டிரையரால் சுருக்குங்கள். உரிக்கும்போது தகரத்தில் நசுங்கலோ துருவோ தெரிந்தால் உறை வாங்கிய காசு போகட்டும், 1.9 வோல்ட்காரனோடு இதையும் அதே பெட்டியில் போட்டுவிடுங்கள்.