அமெரிக்கப் பள்ளிகளில் லாக்டவுன் நடக்கும்போது போலீசின் கடமை என்ன? தவறினால் அவர்களை யார் கேட்பது?

டெக்சாஸில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். என் மகள் இங்கே நான்காம் வகுப்பு படிக்கிறாள். கேள்வி கேட்டவர், "குழந்தைகளுக்கு ஒத்திகை நடத்துகிறார்களே, போலீசாருக்கு யார் நடத்துகிறார்கள்?" என்று கூடுதலாக ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

லாக்டவுன் என்றால் நம்மில் பலருக்குக் கொரோனா ஊரடங்குதான் நினைவுக்கு வரும். இங்குள்ள பிள்ளைகளுக்கு அது வேறு. ஆபத்து பள்ளிக்கு வெளியே இருந்தால் 'செக்யூர்' என்பார்கள். வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் தொடரும். ஆபத்து கட்டடத்துக்குள்ளேயே இருந்தால்தான் லாக்டவுன். வகுப்பறையைப் பூட்டி, விளக்கை அணைத்து, யார் கண்ணிலும் படாமல் ஒளிய வேண்டும்.

சென்ற ஆண்டு ஒருநாள் காலை மகளின் பள்ளியில் உண்மையாகவே லாக்டவுன் அறிவித்தார்கள். யாரோ தொலைபேசியில் விடுத்த பொய் மிரட்டல் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐம்பது நிமிடம் அந்த வகுப்பு முழுவதும் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியாத மூலையில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கால் அசைந்தால் மின்னும் விளக்குக் காலணியை ஒரு சிறுமி அணிந்திருந்தாளாம். இருட்டில் அது சிவப்பாக மின்னி மின்னி அணைந்திருக்கிறது. ஆசிரியை சத்தமில்லாமல் இரண்டையும் கழற்றி, தன் ஸ்வெட்டருக்குள் சுருட்டி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் மகள் முதலில் சொன்னது இதைத்தான்.

அதே நேரத்தில் நான் எதிரே இருந்த வாகன நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மூன்று வகைச் சீருடைகளில் காவலர்கள் இருந்தார்கள்: நகரப் போலீஸ், கவுன்டி ஷெரிப்பின் (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதியின் காவல் தலைவர்) ஆட்கள், பள்ளி மாவட்டத்துக்கென்றே (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) உள்ள தனிப் போலீஸ். "உள்ளே யார் பொறுப்பில் இருக்கிறார்?" என்று கேட்டேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். அவர், "எங்களுக்கு இன்னும் சொல்லவில்லை" என்றார். இரண்டாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. வெளியே நின்ற பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

பூட்டிய கதவு கொலைகாரனை நாள் முழுவதும் தடுத்து நிறுத்தாது. உதவி வந்து சேரும்வரை சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். "அசையாமல் இரு, நாங்கள் வருகிறோம்" என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கிறோம். வருகிறோம் என்றவர்கள் வராவிட்டால், அந்தக் குழந்தையை நாமே அறைக்குள் அடைத்துவைத்ததாக ஆகிவிடும். அதனால்தான் போலீசின் தாமதத்தை நிர்வாகக் கோளாறு என்று சிலர் சொல்லும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

இது புதிதாகக் கற்க வேண்டிய பாடமும் இல்லை. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, போலீசார் கட்டடத்தைச் சுற்றி வளைத்துவிட்டு, சிறப்பு ஆயுதப் பிரிவான ஸ்வாட் படைக்காகக் காத்திருந்தார்கள். அன்றைய விதி அதுதான். உள்ளே ஓர் ஆசிரியர் மணிக்கணக்கில் இரத்தம் வடியக் கிடந்தார். ஒருவர் இரத்தம் வடிந்து செத்துக்கொண்டிருக்கிறார் என்று ஜன்னலில் எழுதி வைத்தார்கள். உதவி வந்தும் அவர் பிழைக்கவில்லை. அதன் பிறகு நாடு முழுவதும் பயிற்சி மாறியது: முதலில் வருபவர், எத்தனை பேர் இருந்தாலும், துப்பாக்கிச் சத்தத்தை நோக்கிப் போக வேண்டும். அப்படிப் பயிற்சி தரும் முன்னணி மையம் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே 2002 முதல் இயங்குகிறது.

அதே டெக்சாஸின் யுவால்டியில், 2022 மே 24 அன்று ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கியுடன் ஒருவன் நுழைந்தது காலை 11:33 மணிக்கு. மூன்றே நிமிடங்களில் முதல் காவலர்கள் கட்டடத்துக்குள் வந்துவிட்டார்கள். அவன் புகுந்துகொண்ட வகுப்பறைகளின் உள்ளேயிருந்து சுட்டதும் பின்வாங்கினார்கள். கதவைத் திறந்து அவனைச் சுட்டு வீழ்த்தியது 12:50 மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் அந்த அறைகளிலிருந்து ஒரு சிறுமி திரும்பத் திரும்ப அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து, போலீசை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதை விசாரித்த மாநிலச் சட்டமன்றக் குழுவின் அறிக்கையின் கணக்குப்படி அங்கே திரண்டவர்கள் 376 பேர்: எல்லைக் காவல் படையினர் 149, மாநிலக் காவலர்கள் 91, பள்ளி மாவட்டக் காவலர்கள் 5, இன்னும் பிறர். பள்ளியின் எழுத்துப்பூர்வமான திட்டப்படி தலைமை ஏற்க வேண்டியவர் பள்ளிப் போலீஸ் தலைவர். அவர் ரேடியோக்களை வெளியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சாவி தேடுவதில் நேரம் போனது. அந்தக் கதவின் பூட்டு சரியில்லை என்பது முன்பே பள்ளியில் தெரிந்த விஷயம். ஆனாலும் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கக்கூட யாரும் முயலவில்லை என்பதை வாசித்தபோது அறிக்கையை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீண்டும் எடுத்தேன். இத்தனைக்கும் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அந்தப் பள்ளிப் போலீஸ் இதற்கென்றே பயிற்சி நடத்தியிருந்தது.

சரி, யார் கேட்பது? சட்டம் நாம் நினைப்பதுபோல் இல்லை. தனியாரின் வன்முறையிலிருந்து தனிமனிதரைக் காக்கும் கடமையை அரசியலமைப்பு அரசின்மீது பொதுவாகச் சுமத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. 2005-இல் கொலராடோவின் காசல் ராக் வழக்கிலும், காவல்துறை செயல்படாததால் மூன்று மகள்களையும் இழந்த தாய்க்கு எதிராகத்தான் தீர்ப்பு வந்தது. ஃபுளோரிடாவின் பார்க்லாந்தில் 2018-இல் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் இறந்தபோது வெளியிலேயே நின்ற பள்ளிக் காவலரை 2023-இல் நடுவர் குழு விடுவித்தது. அந்த ஷெரிப் அலுவலகத்தின் விதியில் காவலர் உள்ளே 'நுழையலாம்' என்றுதான் எழுதியிருந்தது, 'நுழைய வேண்டும்' என்று இல்லை. யுவால்டியில் குவிந்த 376 பேரில் 2024 ஜூனில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் இரண்டே பேர்.

தண்டனையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உண்மைக் கணக்கு. யுவால்டியில் முதல் சில நாள்களில் அதிகாரிகள் சொன்னவற்றில் பல பொய்த்துப்போயின. ஓர் ஆசிரியை கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார் என்றார்கள். அவர் கதவை இழுத்து மூடியிருந்தார், பூட்டுதான் விழவில்லை. சக ஆசிரியைகளையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு பெண்மீது அந்தப் பழியும் விழுந்தது. காவலர்களின் உடைக் கேமராப் பதிவுகளில் சில மட்டுமே முதலில் வெளிவந்தன; மற்றவற்றை நகர நிர்வாகம் வெளியிட, ஊடகங்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில்தான் கிடைத்தன. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் 2023 மார்ச் 27 அன்று ஒரு தனியார் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் இறந்தார்கள். முதல் அழைப்பு வந்த 14 நிமிடங்களில் போலீசார் உள்ளே போய்த் தாக்குதலை முடித்துவைத்தார்கள். கேமராப் பதிவு மறுநாளே வெளியானது. ஆக, மனம் இருந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை அது.

எங்கள் பள்ளியில் நடந்த பொய் மிரட்டலுக்கும் நிமிட வாரியான அறிக்கை வேண்டும் என்று பள்ளி மாவட்டத்துக்கு எழுதிக் கேட்டேன். "அனைத்தும் நெறிமுறைப்படி நடந்தன" என்று மூன்று வரியில் பதில் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, விடுங்கள் என்றார் ஒரு தந்தை. ஒன்றும் ஆகாத நாளில்தான் இதையெல்லாம் நிதானமாகக் கேட்க முடியும் என்று அவரிடம் சொன்னேன். யுவால்டியில் 2022 பிப்ரவரிக் கடைசிக்கும் மே மாதத்துக்கும் இடையே 47 முறை எச்சரிக்கை ஒலித்திருந்தது. பெரும்பாலானவை அக்கம்பக்கத்தில் நடந்த கார் துரத்தல்களால் வந்தவை. அடிக்கடி கேட்டுக் கேட்டு எச்சரிக்கைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று சட்டமன்றக் குழுவின் அறிக்கை சொல்கிறது.

ஆகவே எங்கள் பள்ளி மாவட்ட நிர்வாகக் குழுவின் பொதுக் கூட்டத்துக்குப் போய், எனக்குத் தந்த மூன்று நிமிடத்தில் நான்கு கேள்விகள் கேட்டேன். லாக்டவுனில் தலைமை ஏற்பவர் யார், அவர் வராவிட்டால் அடுத்தவர் யார் என்று மூன்று போலீஸ் பிரிவுகளும் கையெழுத்திட்ட தாள் இருக்கிறதா? எல்லாக் கதவுகளுக்கும் பொருந்தும் சாவி முதலில் வரும் காவலரின் கைக்கு எப்படிப் போகும்? கட்டடத்தின் நடுப்பகுதியில் ரேடியோ வேலை செய்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? அறைக்குள்ளிருந்து குழந்தை 911-இல் சொல்வது தாழ்வாரத்தில் நிற்கும் காவலருக்கு எத்தனை நேரத்தில் போய்ச்சேரும்?

நீங்களும் உங்கள் பிள்ளையின் பள்ளியில் இவற்றைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு இதுவரை சாவிக்கும் தலைமைக்கும் பதில் வந்திருக்கிறது. நுழைவாயிலில் சாவிப் பெட்டி வைத்து அதன் எண்ணை மூன்று பிரிவுகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். ரேடியோவுக்கும் 911-க்கும் பதில் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் பேச மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன்.