கிளாஸைக் கவிழ்த்துப் பாருங்கள்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்து டவுனுக்கு வருகிறவர்கள் அலமாரியைத் திறந்ததும் பழைய கண்ணாடிச் சாமான்களைப் பற்றிக் கேட்பவை இவை.

கேள்வி: அண்ணே, பாட்டி வைத்திருந்த தேன் நிறக் கிளாஸ் ஆறு. அடியில் ‘டூராலெக்ஸ்’ என்றும் 27 என்றும் இருக்கிறது. 1927-ஆ?

பதில்: இல்லை தங்கச்சி, அது கிளாஸை வார்த்த அச்சின் எண். பிரான்சின் டூராலெக்ஸ் என்ற கண்ணாடிப் பெயரே 1945-இல்தான் வந்தது. ஆறு கிளாஸிலும் ஆறு வெவ்வேறு எண் இருந்தாலும் செட்தான். ஆனால் பெயரை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். 1954-இல் வந்த பிக்கார்டி என்கிற டூராலெக்ஸ் கிளாஸ் வடிவத்தை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பழசா என்று பார்க்க, அடிவட்டத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மேசையில் வைத்து எடுத்த கிளாஸில் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒரே திசையில் வரிவரியாக இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆர்கோபால் (பால் வெள்ளைக் கண்ணாடி) கப்பும் சாசரும் இருக்கின்றன, பூ நிறம் ஒத்துப் போகவில்லை. ஜோடி இல்லையா?

பதில்: அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். தினமும் கழுவுகிற கப்பில் பூ சீக்கிரம் வெளுக்கும். சாசர் பல வீடுகளில் விருந்தாளிக்கு மட்டும்தான் இறங்கும். கப்பை சாசரில் வைத்து மெல்ல ஆட்டுங்கள். குழியில் உட்கார்ந்து நகராமல் இருக்க வேண்டும். அப்புறம் இரண்டையும் கவிழ்த்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளையை ஒப்பிடுங்கள். ஒன்று நீலம் தட்டியும் மற்றது பாலாடை நிறமாகவும் இருந்தால் வேறு வேறு செட்.

கேள்வி: பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்லைட்டில் மின்னுகிறது. யுரேனியமா? பயப்பட வேண்டுமா?

பதில்: பளிச்சென்று பச்சையாக எரிந்தால் பெரும்பாலும் யுரேனியம்தான். மங்கலாக மின்னினால் மாங்கனீஸாக இருக்கலாம், அதிலும் பச்சைதான் தெரியும். அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், பயம் வேண்டாம். தினமும் ரசம் ஊற்றிக் குடிக்க மட்டும் வேண்டாம். பூ உரிகிற பழைய கப்புகளுக்கும் அதே பேச்சு. அந்தச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும்.

கேள்வி: ஐயா, ரப்பர் காட்டில் ஒரு தடித்த கண்ணாடிக் கிண்ணம் கிடைத்தது. அடி உருண்டை, மேசையில் நிற்காது. எந்த செட்டில் சேரும்?

பதில்: எந்தச் செட்டிலும் சேராது தம்பி, அது பால்மரத்து மங்கு, ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம்! மரத்தில் கட்டிய கம்பி வளையத்தில் உட்கார வேண்டியது, அதனால்தான் தட்டையான அடி இல்லை. பீங்கான் மங்குதான் நிறையப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடியிலும் உண்டு. விளிம்பில் கறுத்த ரப்பர் ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம், எனக்கு அதுதான் மதிப்பு. கடைக்காரர் ‘பழைய ஐஸ்கிரீம் கப்’ என்று சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: கிளாஸின் உள்ளே வெள்ளையாக மங்கியிருக்கிறது. போகுமா?

பதில்: சுண்ணாம்புப் படிவம் என்றால் வினிகரில் ஒரு ராத்திரி ஊற வைத்தால் போகும். போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, சரியாக்க முடியாது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். சிலர் எண்ணெய் தடவி மங்கலை மறைத்து விற்பார்கள். வாங்கும் முன் உள்ளே ஒரு விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள்.