எந்த ரம்பத்துக்கும் பொருந்தும் வழிகாட்டித் தடங்கள்: கேள்வி பதில்

கேள்வி (காரைக்குடி): என்னிடம் சாதாரண வட்ட ரம்பம் உள்ளது. அதற்கு ஒரு பொதுத் தடம் போதுமா, தடத்தில் ஓடவே செய்யப்பட்ட டிராக் சாவே வாங்க வேண்டுமா?

பிளைவுட் அலமாரி வேலைக்குப் பொதுத் தடமே போதும். டிராக் சாவின் அடித்தட்டிலேயே தடத்துக்கான பள்ளம் இருக்கிறது. கிரெக் அக்யூ-கட் போன்ற பொதுத் தடங்களில் நம் ரம்பத்தை ஒரு சறுக்குத் தட்டில் நாமே பொருத்துகிறோம். துல்லியம் தங்குவதும் தவறுவதும் அந்த இடத்தில்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடின் ஒரே பல்லை முன்னும் பின்னும் திருப்பித் தட்டின் விளிம்பிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால், எவ்வளவு விலையுள்ள தடமாயினும் மரம் கருகும், விளிம்பு சிலாம்பாகும். ரப்பர் விளிம்புள்ள தடமாயின், முதல் வெட்டில் உங்கள் பிளேடே அந்த ரப்பரைத் தன் கோட்டுக்குச் சீவிக்கொள்ளும். ஆகவே அந்தத் தடத்தில் வேறு ரம்பத்தை ஓட்டாதீர்கள்.

கேள்வி (தேவகோட்டை): இரண்டு தடங்களை இணைத்து 8 அடி வெட்டினால் நேராக வருமா?

வரும். இணைப்புப் பட்டையை மட்டும் நம்பாமல், நேரான அலுமினியச் சட்டத்தைப் பக்கவாட்டில் அணைத்து வைத்துத் திருகுகளை முடுக்குங்கள். 1400 மி.மீ. தடங்கள் இரண்டு சேர்ந்தால் 2800, பலகை 2440. மிச்சமுள்ள நீளம், ரம்பம் இரு முனைகளிலும் தடத்தில் முழுதாக அமர்வதற்குத் தேவை.

கேள்வி (கானாடுகாத்தான்): எந்தக் கம்பெனித் தடம் நல்லது?

ஃபெஸ்டூல், மகிட்டா டிராக் சாக்கள் ஒன்றின் தடத்தில் மற்றொன்று பொருந்தும், ஆனால் ரப்பர் விளிம்பு முதலில் ஓடிய ரம்பத்துக்கே சீவப்பட்டிருக்கும். பாஷின் எஃப்எஸ்என் வகைத் தடமும் மாஃபெல் தடமும் அதேபோல் தமக்குள் பொருந்தும் தனி ஜோடி. மற்ற ரம்பங்களுக்கு முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): அலுமினியப் பட்டையைக் கிளாம்பால் இறுக்கி அறுக்கும் ஆசாரிகளைப் பார்த்திருக்கிறேன். தடம் வீண் செலவு அல்லவா?

பட்டையிலும் நேரான வெட்டு வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் பிளேடுக்கும் தட்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் கழிக்க வேண்டும். அந்த ஒரு கணக்குப் பிழையில் பலகையே வீணாகும்.

மீண்டும் அவரே: 6 மி.மீ. பிளைவுட்டின்மேல் 12 மி.மீ. பட்டையை ஒட்டி, ஓரத்தை ரம்பத்தாலேயே அறுத்துவிட்டால் கணக்கே வேண்டாமே?

உண்மை. அந்த ஓரமே வெட்டுக்கோடு. சிலாம்பையும் அது தடுக்கும். மிகக் குறைந்த செலவில் இதைவிட நல்ல வழி இல்லை என்பதை மனமார ஏற்கிறேன். மோட்டார் பட்டையிலோ கிளாம்பிலோ இடிக்காத உயரம் வேண்டும். அதோடு, பட்டை ரம்பத்தை ஒரு பக்கம்தான் தடுக்கிறது. கை மறுபக்கம் விலகினால் தடுக்க எதுவுமில்லை. தடத்திலோ தட்டின் பள்ளம் இருபுறமும் பிடித்துக்கொள்கிறது. நான் காசு கொடுப்பது அந்தப் பிடிப்புக்காகத்தான்.

கேள்வி (காரைக்குடி): முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய தேக்கு விட்டத்தைத் தடம் வைத்து அறுக்கலாமா?

வேண்டாம். தடம் படிய மட்டமான முகம் தேவை. பழைய விட்டத்தில் அது கிடைப்பது அரிது. உள்ளே ஆணி இருந்தால் பிளேடின் பல் தெறிக்கும். காந்தத்தால் தேடி, ஆணிகளை எடுத்தபின் மரமில்லில் பலகையாக அறுத்து வாங்குங்கள். தேக்கிலுள்ள சிலிக்கா பிளேடின் கூரை விரைவில் மழுக்கும் என்பதால் கார்பைடு பல்லே போடுங்கள்.

கேள்வி (ஆத்தங்குடி): இதே தடத்தில் தரைக்கல் அறுக்கலாமா?

கல் வேலை செய்பவரைக் கேளுங்கள்.

கேள்வி (புதுவயல்): வெட்டு கருகுகிறது. தடம் மாற்ற வேண்டுமா?

பிளக்கைக் கழற்றுங்கள், முதல் பதிலில் சொன்னபடி பல்லை அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் பிளேடைச் சாணை பிடியுங்கள்.