உங்களுக்கு மிகவும் பிடித்த பாப் ஆல்பம் எது? அதன் வரிகளில் என்ன இருக்கிறது?

அமெரிக்கப் பாடகி டிரேசி சாப்மனின் முதல் ஆல்பம். 1988-ல் அவர் பெயரிலேயே வந்தது, மொத்தம் 11 பாடல்கள். 'அது ஃபோக், நாட்டுப்புறப் பாணி ஆயிற்றே' என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த ஆல்பம் அது. எனக்கு அது பாப்தான்.

அப்போது நாங்கள் கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு ஃப்ளாட்டில் நாலாவது மாடியில் இருந்தோம். அண்ணன் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கேசட் வாங்கி வந்தான். நான் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலம் அரைகுறை. நிறுத்தி நிறுத்திக் கேட்டு, வரிகளை நோட்டில் எழுதிப் படித்தேன்.

ஏழைகளின் பாட்டு என்று இதைச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் இத்தனை வருடம் கேட்ட பிறகு, வாய்வரை வந்து வெளியே வராத சொற்களைப் பற்றிய ஆல்பமாகவே எனக்கு இது படுகிறது. முதல் பாட்டு புரட்சியைப் பற்றியது. அதில்கூட புரட்சி முழக்கமாக வருவதில்லை, கிசுகிசுப்பாகத்தான் கேட்கிறது என்கிறார்.

நான்காவது பாட்டு 'பிஹைன்ட் தி வால்'. கிட்டார்கூட இல்லை, வெறும் குரல், இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அலறுகிறாள். போலீஸைக் கூப்பிட்டுப் பயனில்லை. வந்தாலும் புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் தலையிட முடியாது என்று போய்விடுவார்கள். கடைசியில் தெருவில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அமைதி காக்க வந்திருக்கிறேன், எல்லோரும் போய்த் தூங்குங்கள் என்கிறார் போலீஸ்காரர். அவளுக்கு என்ன ஆனது என்று பாட்டு சொல்வதில்லை.

எங்கள் ஃப்ளாட்டின் சுவரும் மெல்லியதுதான். பக்கத்து வீட்டு அக்காவின் குரல் பல இரவுகள் கேட்டிருக்கிறது. "அடுத்தவங்க வீட்டு விஷயம், படு" என்பார் அம்மா. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அந்தப் பாட்டைக் கேட்டபோது, இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற கதை என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவன் நான். இன்றும் அந்தப் பாட்டை மற்றவர்கள் இருக்கும்போது என்னால் போட முடியாது.

அடுத்ததே 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ'. கல்யாண வீட்டில்கூடப் போடுகிறார்கள், காதல் பாட்டு என்று. வரிகளைப் பாருங்கள். ஸாரி, மன்னித்துவிடு, உன்னைக் காதலிக்கிறேன்: இந்த மூன்றையும் காதலனால் சொல்ல முடியவில்லை என்பதுதான் பாட்டே. பல்லவியில் அவள், சரியான சொற்களைச் சரியான நேரத்தில் நான் சொல்லியிருந்தால் நீ எனக்குக் கிடைத்திருப்பாயோ என்கிறாள். அப்படியென்றால் அவளும் சொல்லவில்லை! என் அப்பா அம்மாவிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. சண்டைக்கு மறுநாள் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

'ஃபாஸ்ட் கார்' எல்லோருக்கும் தெரியும். குடிக்கிற அப்பா, விட்டுப் போன அம்மா, பள்ளியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள். எஸ்டேட் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்த எங்கள் சொந்தங்களில் இந்தக் கதை இல்லாத குடும்பம் குறைவு. ஆனால் நான் சொல்ல வருவது ஒரு சின்னச் சொல்லைப் பற்றி. ஆரம்பத்தில், நாம் பறந்துபோகும் அளவுக்கு இந்தக் கார் வேகமானதா என்று கேட்கிறாள். பாட்டு முடியும்போது அதே வரியில் 'நாம்' போய் 'நீ' வந்துவிடுகிறது. காதலனும் குடிகாரனாகிவிட்டான், சம்பாதிப்பது அவள். போய்விடு என்கிறாள். சத்தம் போடவில்லை, மெட்டும் மாறவில்லை. ஒரே ஒரு சொல்லில் குடும்பம் முடிந்துவிட்டது. 2023-ல் அமெரிக்க கன்ட்ரி பாடகர் லூக் கோம்ப்ஸ் இதைத் திரும்பப் பாடியபோது, ஆண் குரலிலும் 'செக்அவுட் கேர்ள்' (கடையில் பணம் வாங்கும் பெண்) என்ற சொல்லை அப்படியே வைத்தார். என் மகள் இந்தப் பாட்டை அவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டாள்.

குறை இல்லாமல் இல்லை. 'வை?' ('ஏன்?') என்ற பாட்டு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. உணவு இருந்தும் குழந்தைகள் ஏன் பட்டினி என்று கேள்விகளை அடுக்குகிறது, பேச்சுப் போட்டி மாதிரி. பெண்ணுக்குத் தன் வீட்டிலேயே ஏன் பாதுகாப்பில்லை என்ற கேள்வியும் அதில் உண்டு. அதைத்தான் நான்காவது பாட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் காட்டிவிட்டதே.

கடைசிப் பாட்டு 'ஃபார் யூ'. உன்மேல் இருக்கும் உணர்வைச் சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை என்று அதிலும் பாடுகிறார். இத்தனை சொன்னவரே அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேட்பதானால் தனித்தனிப் பாட்டாகக் கேட்காதீர்கள், வரிசையாகக் கேளுங்கள். அந்தக் காருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஒரே ஒரு பாட்டுதான் இருக்கிறது.