எலிக் கேள்விகள்: ஒரே எலி, ஊருக்கு ஊர் வேறு கிருமி

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எலியைப் பற்றியவை. சில பதில்கள் இங்கே.

எங்கள் புளோக் வடிகாலில் பூனை அளவுக்குப் பெருச்சாளி ஓடுகிறது. ஊரில் பெருச்சாளியால் எலிக்காய்ச்சல் வரும் என்பார்கள். இங்கேயும் வருமா? (ஈசூன் வாசகி)

பூனை அளவு என்பதில் பயத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்! இங்கே சிங்கப்பூரில் வடிகாலில் திரிவது பெரும்பாலும் பழுப்பு எலி. ஊர்ப் பெருச்சாளி வேறு இனம். ஆனால் எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைராவுக்கு இந்தப் பேதமெல்லாம் கிடையாது. எலியின் சிறுநீரகத்தில் அது குடியேறிவிடும். எலிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மாதக்கணக்கில் சிறுநீரோடு கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் தாங்கும், காய்ந்தால் செத்துவிடும். மழையும் வெப்பமும் சேர்ந்த நம் வட்டாரம் அதற்கு வசதியானது. 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சாபா மாநிலத்தில் நடந்த சாகசப் பந்தயத்தில் செகாமா ஆற்றில் நீந்திய பல வீரர்கள் காய்ச்சலோடுதான் வீடு திரும்பினார்கள்.

எலியைப் பார்த்ததால் காய்ச்சல் வராது. காலில் புண்ணோடு வடிகால் நீரில் இறங்குவதுதான் ஆபத்து. எலித் தொல்லையை நகர மன்றத்திடம் சொல்லுங்கள்.

ஒரே நகரத்து எலிகளில் எத்தனை விழுக்காட்டிடம் கிருமி இருக்கிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகள் வெவ்வேறு எண்களைச் சொல்கின்றன. எதை நம்புவது? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்)

இரண்டும் சரியாக இருக்கலாம், தம்பி. முதலில், எந்த உறுப்பைப் பரிசோதித்தார்கள் என்று பாருங்கள். லெப்டோஸ்பைராவுக்குச் சிறுநீரகம். எலி சுமக்கும் இன்னொரு கிருமியான பார்ட்டோனெல்லாவுக்கு ரத்தம் அல்லது மண்ணீரல். எலியை விட்டுவிட்டு அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சியை மட்டும் சோதித்தாலும் எண் மாறும்.

அப்புறம், எந்தச் சோதனை? பிசிஆர் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது: கிருமி இப்போது இருக்கிறதா என்று சொல்லும். லிப்எல்32 என்ற மரபணுவைத் தேடினால் நோய் தரும் லெப்டோஸ்பைரா மட்டுமே சிக்கும், தண்ணீரில் சும்மா வாழும் சாது வகைகள் சிக்காது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையோ எலி என்றோ ஒருநாள் கிருமியைச் சந்தித்தது என்று மட்டும் சொல்லும். கிருமியை வளர்த்துப் பார்ப்பது நல்ல சான்றுதான், ஆனால் லெப்டோஸ்பைரா வளர வாரங்கள் ஆகும், பல நேரம் வளரவே வளராது.

பொறி வைத்த இடமும் முக்கியம். குப்பைத் தொட்டியருகே பிடித்த எலியும் காட்டோரத்தில் பிடித்த எலியும் ஒன்றல்ல. வயதான எலிகளிடம் லெப்டோஸ்பைரா அதிகம் என்பதால், குட்டிகளாகப் பிடித்து வந்தவரின் எண் தானாகவே குறையும். இதையெல்லாம் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்லும் செய்தியை நான் பாதிதான் நம்புவேன்.

மகன் தேசிய சேவையில் இருக்கிறான், புதர்க்காட்டில் பயிற்சி. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் எலியிடமிருந்து வருவதுதானே? (உட்லண்ட்ஸ்)

எலி இதில் துணைப் பாத்திரம். கிருமியைச் சுமப்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் இளம்புழு. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. எலி அந்த உண்ணிக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். அதனால் எலி இருக்கும் இடமெல்லாம் இந்த நோய் இருக்காது. புதரில் ஒரு திட்டில் இருக்கும், பக்கத்துத் திட்டில் இருக்காது. ஜப்பான் முதல் வட ஆஸ்திரேலியா வரை, மேற்கே பாகிஸ்தான் வரை இப்படித் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கிறது. எலித்தெள்ளு பரப்பும் மியூரின் டைபஸ் இதற்கு நேர்மாறு. எலியோடு கப்பலேறித் துறைமுகம் துறைமுகமாகப் போனது அது.

காய்ச்சலோடு அக்குளிலோ தொடையிலோ சிகரெட் சுட்டதுபோல் வலிக்காத கருப்புப் பொருக்கு இருந்தால், காட்டில் இருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற மருந்துக்கு இந்த நோய் நன்றாகவே கேட்கும்.

பிளேக் இங்கே வருமா?

இங்குள்ள எலிகளிடையே பிளேக் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. இன்று அது அதிகம் தெரியவருவது மடகாஸ்கரிலும் காங்கோவிலும்.

சமையலறை அலமாரியில் எலிப்புழுக்கை. கூட்டிவிடலாமா? (தேக்கா)

காய்ந்திருந்தாலும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி பறக்கும். கையுறை போட்டு, தண்ணீரில் கலந்த பிளீச்சைத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டுத் துணியால் வழித்தெடுங்கள். அந்தத் துணியைத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.