பத்திரிகையில் கார்ட்டூன் வரைபவர் அனிமேஷனுக்குப் போனால் அவருடைய பாணி தொலைந்துவிடாதா?

தொலையும். விளம்பரப் படங்களுக்கு அனிமேஷன் வரைந்து பிழைப்பவன் நான், தினமும் பார்க்கிற கூத்து இது. பத்திரிகைக் கார்ட்டூனில் பேனா சிந்திய மைத்துளிகூட அழகுதான். அதே துளி அடுத்த படத்தில் இம்மி தள்ளி விழுந்தால் திரையில் வெடவெடவென்று நடுங்கும். வினாடிக்குப் பன்னிரண்டு படம் என்று வைத்தாலும் ஒருவர் கையால் ஆகிற வேலை இல்லை. பலர் கை படும்போது, யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய வழவழப்பான கோடுதான் கடைசியில் மிஞ்சும்.

இதிலிருந்து பெருமளவு தப்பித்தவர் என்றால் பிரிட்டனின் ஜெரால்டு ஸ்கார்ஃப்தான். 1936இல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதில் கடும் ஆஸ்துமா, படுத்த படுக்கையாகவே படம் வரைந்து வளர்ந்தார். 1964இல் நாடாளுமன்றத்தில் சர்ச்சிலின் கடைசி நாளை வரையச் சொல்லி 'டைம்ஸ்' நாளிதழ் அனுப்பியது. போய்ப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருந்தது தளர்ந்துபோன ஒரு கிழவர். கண்டதைக் கண்டபடி வரைந்து கொடுத்தார், டைம்ஸ் போட மறுத்துவிட்டது. அப்புறம் 'பிரைவேட் ஐ' என்கிற நையாண்டி இதழ் அதை அட்டைப்படமாகவே போட்டது. 1967 முதல் ஏறக்குறைய ஐம்பது வருடம் 'சண்டே டைம்ஸ்' இதழில் வரைந்தார்.

அவருடைய அசையாத படங்களிலேயே ஓர் உருவம் இன்னொன்றாக மாறிக்கொண்டிருக்கும். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரைக் கோடரியாக, கத்தியாக, டைனோசர் காலத்துப் பறக்கும் பிராணியாக வரைந்தவர் அவர். மூக்கு எங்கே முடிகிறது, அலகு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அனிமேஷனுக்கு வேண்டிய சரக்கு முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பிபிசிக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஒரு குறும்படம் செய்தபோது இதைத்தான் செய்தார். அமெரிக்காவின் பிம்பங்கள் ஒன்றுக்குள் ஒன்று உருகி ஓடும். போதையில் மிதக்கும் மிக்கி மவுஸும் அதில் உண்டு.

அதைப் பார்த்த பிங்க் ஃபிளாய்டு ராக் இசைக்குழுவினர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். 1979இல் வந்த 'தி வால்' இசைத்தட்டின் உறையில் இருப்பவை அவருடைய படங்கள். 1982இல் ஆலன் பார்க்கர் அதைத் திரைப்படமாக்கியபோது அனிமேஷனும் அவருடையதே. இரண்டு பூக்கள் வரும் இடத்தை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நெருங்குகின்றன, பின்னிக்கொள்கின்றன, ஆணும் பெண்ணுமாகத் தெரிகின்றன, சண்டையாகிறது, கடைசியில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுகிறது. காட்சி வெட்டியதே தெரியாது, எல்லாம் ஒரே இழுவையில் போகும். கால் தூக்கி அணிவகுக்கும் சுத்தியல்களும் அதே படத்தில்தான். மூளையில்லாத வன்முறையைக் கிண்டல் செய்ய அவர் வரைந்த அந்தச் சுத்தியலையே பிறகு அமெரிக்க நவநாஜிக் கும்பல் ஒன்று சின்னமாக எடுத்துக்கொண்டது. நையாண்டி புரியாதவன் கையில் சிக்கினால் இப்படித்தான்.

சரி, தொலைந்த இடம் எது? டிஸ்னி. மிக்கியை அந்தப் பாடுபடுத்தியவரையே அவர்கள் கூப்பிட்டு 1997இன் 'ஹெர்குலிஸ்' படத்துக்குப் பாத்திரங்களை வடிவமைக்கச் சொன்னார்கள். வில்லனான ஹேடிஸிடம் ஸ்கார்ஃபின் கூர்மை இருக்கிறது. கதாநாயகன் முகத்தில் எனக்கு டிஸ்னிதான் தெரிகிறது. கம்பெனிக்குக் குழந்தைகளும் வேண்டும், பொம்மையும் விற்க வேண்டும், அங்கே கோடு மழுங்கத்தான் செய்யும். இதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் தனியாளாக இதில் இறங்க நினைத்தால், 1980இல் தொடங்கிய 'யெஸ் மினிஸ்டர்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்கு ஸ்கார்ஃப் செய்த தொடக்கக் காட்சியை முதலில் பாருங்கள். பெரிதாக எதுவும் அசையாது. ஒரு கோடு தானாகவே ஓடி அமைச்சரின் முகமாகிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் மறுபடி மறுபடி வரையும் வேலை அங்கே இல்லை, அதனால் கோடு நடுங்குகிற தொல்லையும் இல்லை. உங்கள் பழைய கார்ட்டூன் ஒன்றை எடுத்து, எந்தக் கோட்டை முதலில் போட்டீர்களோ அதிலிருந்தே ஓடவிட்டுப் பாருங்கள்.