இரைச்சலா? முதலில் பெடலைக் கழற்றுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "பெடல் ஹம் அடிக்கிறது, என்ன செய்யலாம்?" என்ற ஒற்றை வரிதான். (பெடல் என்பது காலால் தட்டி கிட்டார் ஒலியை மாற்றும் பெட்டி; ஹம் என்பது 'ம்ம்ம்' என்ற இரைச்சல்.) என்ன பெடல், என்ன அடாப்டர், கிட்டாரை நேராக ஆம்பில் செருகினால் என்ன ஆகிறது, ஒரு விவரமும் கிடையாது. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கும் பழைய பாட்டுதான்: பெடலை எல்லாம் கழற்றிவிட்டு, கிட்டார், ஒரு கேபிள், ஆம்ப் மட்டும் வைத்துக் கேளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் ஹம் குறைகிறது, ஹீட்டர் பக்கம் திரும்பினால் கூடுகிறது. எந்தப் பெடலை மாற்றலாம்? (ஊட்டி)

எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் கிட்டாரில் தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை. சுற்றிலும் உள்ள 50 ஹெர்ட்ஸ் கரண்டின் காந்தப்புலத்தை அது வாங்குகிறது, ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் அதைப் பெருக்குகிறது. சன்னல் பக்கமே உட்காருங்கள். ஹீட்டரை அணைக்கச் சொன்னால் ஊட்டியில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஓவர்டிரைவ், கோரஸ், டிலே மூன்றுக்கும் ஒரே அடாப்டர். டிலே சேர்ந்ததும் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம். (அருவங்காடு)

எதிரொலி தரும் உங்கள் டிலே டிஜிட்டல்தானே? அதன் உள்ளே ஓடும் கிளாக்கின் (சிப்பை நடத்தும் துடிப்பின்) சத்தம், பொதுவான மின் கம்பி வழியாக மற்ற இரண்டுக்கும் போகிறது. டிலேயை அடாப்டரிலேயே விட்டுவிட்டு, ஓவர்டிரைவுக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். ரீங்காரம் போய்விட்டால் பெடல்களில் கோளாறில்லை. ஒவ்வொரு முனையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்குங்கள். அனலாக் பெடலுக்கு 10, 20 மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டலுக்கு 300 வரைகூட ஆகலாம். வாசித்து முடித்ததும் பெடலின் இன்புட்டிலிருந்து கேபிளை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி சும்மாவே தீர்ந்துகொண்டிருக்கும்.

பழைய அடாப்டர் இரைந்ததால் வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரைப் போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. லேசாகக் கருகிய வாடை, இப்போது விளக்கே எரியவில்லை. (கோத்தகிரி)

பொருந்தியது முனை மட்டும்தான். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், அடாப்டர் முனையின் நடுவில் நெகட்டிவ். ரவுட்டர், சிசிடிவி அடாப்டர்களில் வழக்கமாக நடுவில் பாசிட்டிவ். இரண்டின் மேலும் படம் போட்டுத்தான் இருக்கிறது, பார்க்க அரை நிமிடம் ஆகாது. உள்ளே காவலுக்கு இருக்கும் டையோடு மட்டும் போயிருந்தால் சில ரூபாயில் முடியும். ஐசியும் (சிப்) போயிருந்தால் ரிப்பேர்காரரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

தோட்டத்து வீட்டில் வாசிக்கிறேன். நொடிக்கொரு தரம் 'டக்... டக்...' என்று ஆம்பில் கேட்கிறது. பெடலைக் கழற்றினாலும் போகவில்லை. (கூடலூர்)

கழற்றிப் பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. யானைக்குப் போட்ட சோலார் வேலி பக்கத்தில் இருக்கிறதா? அந்த வேலி சுமார் ஒரு நொடிக்கு ஒரு தடவை உயர் அழுத்தத் துடிப்பை விடும். உண்ணிச்செடி கம்பியில் சாய்ந்திருந்தாலோ, கம்பி முடிச்சு தளர்ந்திருந்தாலோ அங்கே பொறி தட்டும்; அந்தப் பொறிதான் ஆம்பில் டக்கென்று கேட்கிறது. இருட்டியதும் வேலியைத் தொடாமல் ஓரமாக நடந்து போங்கள், நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். வேலியை அணைத்த பிறகு செடியை வெட்டி, முடிச்சை இறுக்குங்கள். வேலியின் எர்த் கம்பி வீட்டு எர்த் குழியில் இறங்கியிருந்தால் அதைப் பிரித்துத் தள்ளிப் போடவேண்டும்.

சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறேன். ஹம் தாங்கவில்லை. ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்ததும் ஹம் போய்விட்டது. ஆனால் மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்கிறது. (குன்னூர்)

இன்றைக்கே அந்தப் பிளக்கை மாற்றுங்கள், மாற்றும்வரை ஆம்பைத் தொடாதீர்கள். எத்தனை தடவை எழுதினாலும் இந்த யோசனை மலை முழுக்கச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சவுண்ட் சர்வீஸில் எர்த் பின் உள்ள பிளக்கே இல்லை, அதைப் பெருமையாகவும் சொல்வார்கள்.

ஆம்ப் ஒரு மூலை சாக்கெட்டில், மிக்ஸர் இன்னொரு மூலையில் இருக்கும். இரண்டின் எர்த்தையும் ஆடியோ கேபிளின் ஷீல்டு (வெளிச்சுற்று உலோக வலை) இணைத்து ஒரு வளையமாக்கிவிடும். அதில் ஓடும் மின்சாரம்தான் ஹம். பின்னை எடுத்தால் வளையம் அறும், சத்தம் நிற்கும், பாதுகாப்பும் அதோடு போய்விடும். ஆம்புக்குள் ஃபேஸ் கம்பி (கரண்ட் வரும் கம்பி) பாடியில் பட்டால் 230 வோல்ட் கிட்டார் தந்திக்கு வரும். கை தந்தியில், உதடு மைக்கில். நடுவில் உங்கள் நெஞ்சு. 1972-ல் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இல்லை, பயமுறுத்தத்தான் சொல்கிறேன்.

ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள், பாதி ஹம் அங்கேயே அடங்கும். மீதிக்கு இடையில் ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னலின் எர்த்தைத்தான் பிரிக்கும், கரண்டின் எர்த்தை அல்ல. பழைய கட்டடமானால் எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸ்-எர்த் வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வரவேண்டும், நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக்கூடாது. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அறுத்துவிடும் சுவிட்ச்) ஒன்றும் போடச் சொல்லுங்கள். பாடுவதற்கு முன் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முனையை மைக் வலையிலும் மறுமுனையை கிட்டார் தந்தியிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இல்லையென்றால் பாடாதீர்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்ததும் ஆம்ப் உறுமுகிறது. (வெலிங்டன்)

சதுர அலை இன்வெர்ட்டர். சைன் வேவ் வாங்குங்கள், அல்லது கரண்ட் வரும்வரை அகூஸ்டிக் வாசியுங்கள்.

மழைக்காலம் வந்தால் ஜாக்கை அசைக்கும்போதெல்லாம் கரகரவென்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (தேவாலா)

தலைக்குத் தடவுங்கள். ஜாக்குக்கு எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர். அடித்த பிறகு பத்து தடவை செருகி எடுங்கள். பெடலை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஹம்முக்கு நாய்ஸ் கேட் வாங்கலாமா? (ஊட்டி)

நாய்ஸ் கேட் என்பது ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அதை அடைத்துவிடும் பெடல்; கை நிற்கும்போதுதான் மூடும். வாசிக்கும்போது ஹம்மும் கூடவே வரும். மேலே சொன்னதை எல்லாம் செய்தும் மிச்சமிருந்தால் வாங்குங்கள். ஓவர்டிரைவுக்குப் பின்னால், டிலேக்கு முன்னால் வையுங்கள். டிலேக்குப் பின்னால் போனால் எதிரொலி பாதியில் அறுந்துவிடும். அப்புறம் டிலே கெட்டுவிட்டது என்று எனக்கு இன்னொரு கடிதம் வரும்.